5 சதவீத வைக்கோலைக் கலந்தால் புகைபோக்கியில் என்ன மாறும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் பக்கத்து அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு வைக்கோல் பெல்லெட் (அரைத்து அழுத்திய சிறு உருளைகள்) கலந்து எரிக்கப் போகிறார்களாம். பசுமை எரிபொருள், மாசு குறையும் என்கிறார்கள். புகையில் உள்ள நச்சு உண்மையிலேயே குறையுமா, இல்லை புதிதாக ஏதாவது சேருமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புகைபோக்கிக்குள் அளந்து பார்த்தால் எது எவ்வளவு மாறும் என்பது ஒன்று. மொத்தக் காற்றுக்கு இது நல்லதா என்பது மற்றொன்று. முதலாவதன் விடை உலைக்குள் நடக்கும் வேதியியலில் இருக்கிறது. இரண்டாவதன் விடை பெரும்பாலும் அந்த வைக்கோல் வந்த வயலில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு தரப்பு "சுத்தமான புகை" என்றும், மறு தரப்பு "விஷப்புகை" என்றும் பேசுகிறது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 5 சதவீதம் கலந்தால் கந்தக டை ஆக்சைடு சுமார் 3 சதவீதம் குறையும். நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அல்லது கொஞ்சம் குறையும். தூசியின் எடை மாறாது, ஆனால் அதன் தன்மை சற்று மாறலாம். ஹைட்ரஜன் குளோரைடு மட்டும் இரு மடங்குக்கு மேல் கூட வாய்ப்புண்டு, அதுவும் பெல்லெட் நெல் வைக்கோலில் செய்ததாக இருந்தால். கேள்வியில் "புதிதாக ஏதாவது" என்று கேட்டிருப்பதற்கு நேரடி விடை குளோரின்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் உள்ள, மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியின் நிலையத்தில் 2017-ல் பெல்லெட் சோதனைகள் தொடங்கின. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கலப்பு எரிப்பைக் கட்டாயமாக்கியது. 2023-ல் அதைத் திருத்தி, 2024-25 நிதியாண்டிலிருந்து எடையில் 5 சதவீதம், 2025-26-லிருந்து 7 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். எடையில் என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் கணக்கிட்டால் பங்கு இதைவிடச் சற்றுக் குறையும்.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஒரு சராசரி இந்திய நிலக்கரியை எடுத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி, சாம்பல் 40 சதவீதம், கந்தகம் 0.4, குளோரின் 0.02. நெல் வைக்கோல் பெல்லெட்: 3,300 கிலோ கலோரி, சாம்பல் 15 சதவீதம், கந்தகம் 0.15, குளோரின் 0.5. இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் வழக்கமாகக் காணப்படும் வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் நிலையத்தின் ஆய்வக எண்கள் கிடைத்தால் அவற்றை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

95 பங்கு நிலக்கரியும் 5 பங்கு பெல்லெட்டும் சேர்ந்த ஒரு கிலோ கலவையில் 3,490 கிலோ கலோரி இருக்கும். கந்தகம் 4 கிராமிலிருந்து 3.875 கிராமாக இறங்கும். அதே வெப்பத்துக்கு ஒப்பிட்டால் குறைவு 3 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய உலர் புகைவாயுவில் (அளவுகளை ஒப்பிட வழக்கமாகக் கொள்ளும் அடிப்படை இது), கந்தக நீக்கக் கருவி இல்லாத நிலையத்தில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,565 மில்லிகிராமாக இருந்தது 1,520 ஆகும். இது உண்மையான குறைவுதான். ஆனால் ஒரு ரேக் (ஒரு சரக்கு ரயில் சுமை) நிலக்கரிக்கும் அடுத்த ரேக்குக்கும் இடையே கந்தகம் 0.35-லிருந்து 0.5 வரை ஆடும்போது, இந்த 45 மில்லிகிராம் அந்த ஆட்டத்துக்குள் காணாமல் போய்விடும். புகைபோக்கி அளவீட்டில் இதைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் கலந்தபோதும் கலக்காதபோதும் நூற்றுக்கணக்கான அளவீடுகள் வேண்டும். ஒரே நாள் அளந்துவிட்டு "10 சதவீதம் குறைந்தது" என்று யாராவது சொன்னால், அன்று எந்த நிலக்கரி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

இதே கணக்கைக் குளோரினுக்குப் போடுவோம். நிலக்கரி மட்டும் எரியும்போது கிலோவுக்கு 0.2 கிராம் குளோரின். கலவையில் நிலக்கரியிலிருந்து 0.19, பெல்லெட்டிலிருந்து 0.25, ஆக 0.44 கிராம். எடையில் இருபதில் ஒரு பங்கே உள்ள வைக்கோல், மொத்தக் குளோரினில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது. எல்லாமே ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறினால், கன மீட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராமாக இருந்தது 89 ஆகும். முழுச் சுமையில் ஓடும் 500 மெகாவாட் அலகில் மணிக்குச் சுமார் 70 கிலோவாக இருந்தது 155 கிலோ. இது மேல் வரம்பு. ஒரு பகுதி சாம்பலில் ஒட்டிக்கொண்டு தூசுபிடிப்பானிலேயே நின்றுவிடும். ஆனாலும் கூடும் திசையில் ஐயமில்லை.

இந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது என்று விவசாயிகளுக்குச் சொன்னால் உடனே புரியும். வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். பயிர் பொட்டாசியத்தை எடுக்கும்போது குளோரைடையும் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் வைத்துக்கொள்கிறது. பாசன நீரில் உப்பு இருந்தால் அதுவும் சேரும். நெல்மணியில் அது குறைவு, வைக்கோலில் அதிகம். மரத்தில் குளோரின் 0.02 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். ஆகவே "பயோமாஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் வேதியியல் முறையில் முற்றிலும் வேறான பொருள்கள் அடங்கியிருக்கின்றன. மரத்தூள் பெல்லெட்டில் எடுத்த அளவீட்டை வைத்து வைக்கோலுக்குச் சான்றிதழ் தரக் கூடாது. ஐரோப்பிய மர பெல்லெட் அனுபவத்தை அப்படியே இங்கே எடுத்துவந்து பேசுபவர்கள் செய்யும் பிழை இதுதான்.

உலைக்குள் என்ன நடக்கிறது? வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் சுடரின் வெப்பத்தில் பொட்டாசியம் குளோரைடு ஆவியாகின்றன. வைக்கோலை மட்டும் தனியாக எரித்தால் இந்த ஆவி, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் போய்ப் படியும். அது 770 டிகிரியில் உருகும் உப்பு. ஆனால் குழாய் உலோகத்தோடு வினைபுரிந்து இரும்புக் குளோரைடு உண்டானால், அந்தக் கலவை 400 டிகிரிக்குக் கீழேயே உருகும். 540 டிகிரி நீராவி ஓடும் குழாய்க்கு இது அரிப்பு. நிலக்கரி கூட இருக்கும்போது இரண்டு காப்பு வினைகள் நடக்கின்றன. நிலக்கரியின் கந்தக டை ஆக்சைடு பொட்டாசியம் குளோரைடோடு சேர்ந்து பொட்டாசியம் சல்பேட் ஆகிறது. நிலக்கரிச் சாம்பலில் உள்ள களிமண் வகை அலுமினோ சிலிகேட்டுகள் பொட்டாசியத்தைப் பிடித்துத் தங்களுக்குள் கட்டிக்கொள்கின்றன. இரண்டு வினையிலும் குழாய் பிழைக்கிறது. ஆனால் இரண்டிலும் விடுபட்ட குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் புகையோடு போகிறது. பாய்லருக்கு நல்லது செய்யும் அதே வினைதான் குளோரினைப் புகைபோக்கிக்கு அனுப்புகிறது. குழாய் நலமாக இருக்கிறது என்ற பரிசோதனை அறிக்கையைக் காட்டி, காற்றும் நலம் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இந்தக் காப்பு எதுவரை நிற்கும் என்பதற்குப் பாய்லர் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு: எரிபொருளில் கந்தக அணுக்களுக்கும் குளோரின் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 4-க்கு மேல் இருந்தால் அரிப்பு அபாயம் குறைவு, 2-க்குக் கீழே போனால் அதிகம். மேலே சொன்ன கலவையில் 5 சதவீதத்தில் இது கிட்டத்தட்ட 10. கவலையில்லை. அதே பெல்லெட்டை 20 சதவீதம் சேர்த்தால் 3.3 ஆக இறங்கிவிடும். இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. 0.1 சதவீதக் கந்தகம் மட்டுமே உள்ள இந்தோனேசிய நிலக்கரியோடு இதே வைக்கோலை வெறும் 5 சதவீதம் கலந்தாலே விகிதம் 2.6-க்கு வந்துவிடுகிறது. அந்த நிலக்கரியில் சாம்பலும் குறைவு, அதனால் பொட்டாசியத்தைப் பிடிக்கும் களிமண்ணும் குறைவு. சாம்பல் மிகுந்தது என்று நாம் குறைசொல்லும் உள்நாட்டு நிலக்கரிதான் வைக்கோலோடு எரிக்கப் பாதுகாப்பான கூட்டாளி. தமிழ்நாட்டின் கடலோர நிலையங்களைப் போல இறக்குமதி நிலக்கரியும் எரியும் இடங்களில், கலப்பு வீதத்தை எந்த நிலக்கரி ஓடுகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வடக்கே சரியாக ஓடிய 7 சதவீதம் இங்கேயும் சரியாக ஓடும் என்று எடுத்துக்கொள்வது தவறு.

டென்மார்க்கின் ஸ்டூட்ஸ்ட்ரூப் மின் நிலையத்தில் 1990-களில் 150 மெகாவாட் அலகில் வெப்பப் பங்கில் 20 சதவீதம் வரை வைக்கோல் சேர்த்துச் சோதித்தார்கள். பிறகு 350 மெகாவாட் அலகில் 10 சதவீத அளவில் வணிகமுறையில் எரித்தார்கள். வைக்கோலையும் நிலக்கரியையும் சேர்த்து எரிப்பது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிப்பட்ட டேனிஷ் வேலைகளிலிருந்து வந்ததுதான். அங்கே ஒரு நடைமுறை அறிவும் உண்டு: அறுத்தவுடன் கட்டிய மஞ்சள் வைக்கோலைவிட, மழையில் நனைந்து சாம்பல் நிறமான வைக்கோலில் குளோரினும் பொட்டாசியமும் வெகுவாகக் குறைவு, ஏனென்றால் இரண்டும் நீரில் கரைந்து போய்விடுகின்றன. பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்களே உள்ளன, மழையும் கிடையாது. ஆகவே அந்த இயற்கைக் கழுவல் அங்கே நடப்பதில்லை. போதாததற்கு, வைக்கோலை வாரிக் கட்டும் இயந்திரம் மண்ணையும் சேர்த்து அள்ளும். பெல்லெட்டின் சாம்பல் எதிர்பார்த்ததைவிடக் கூடி வருவதற்கு இந்த மண்தான் பெரும்பாலும் காரணம்.

ஹைட்ரஜன் குளோரைடைக் கண்காணிக்க நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2015 டிசம்பரில் அறிவித்த அனல்மின் நிலைய வரம்புகள் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம் ஆகிய நான்குக்கும்தான். குளோரின் அந்தப் பட்டியலில் இல்லை. குப்பை எரிக்கும் உலைகளுக்கு 2016 திடக்கழிவு விதிகள் 50 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்தன. அது 11 சதவீத ஆக்சிஜனில் சொல்லப்பட்டது. நமது 89-ஐ 11 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றினால் சுமார் 59 ஆகும். குப்பை உலைக்கு வகுத்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் ஒரு வாயுவை அனல்மின் நிலையத்தில் யாரும் அளக்கக்கூடத் தேவையில்லை என்பது சரியல்ல. அதே நேரம் இதைப் பூதாகரமாக்கவும் வேண்டாம். 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளியேறி, தரைக்கு வரும்போது பல்லாயிரம் மடங்கு நீர்த்துப் போயிருக்கும். அருகிலிருப்பவர்களுக்கு மூக்கு எரியும் அளவுக்கு வராது. கவலை வேறு வகையானது: காற்றில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு நுண்துகளாகும். ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் முன்னின்று 2021-ல் வெளியிட்ட ஆய்வு, டெல்லியின் குளிர்கால மூட்டத்தில் குளோரைடுத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துப் பார்வைத் தொலைவைக் குறைப்பதைக் காட்டியது. அதில் சுட்டப்பட்ட மூலங்கள் பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பும் சில தொழிற்சாலைகளும். அனல்மின் நிலையங்களைக் குற்றம்சாட்டிய ஆய்வு அல்ல அது. ஆனால் அம்மோனியா மிகுந்த வட இந்தியக் குளிர்காலக் காற்றில் புதிதாகக் குளோரினைச் சேர்ப்பதற்கு முன் அளந்தாவது பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

நிலையத்தில் சுண்ணாம்புக்கல் குழம்பு தெளிக்கும் கந்தக நீக்கக் கருவி இருந்தால் கதை மாறும். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் எளிதில் கரைவதால் அதில் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். அப்போது பிரச்சினை காற்றிலிருந்து நீருக்கு இடம் மாறுகிறது: குழம்பில் குளோரைடு ஏறும், சுண்ணாம்புக்கல் கரைவது மந்தமாகும், உலோகப் பாகங்கள் அரிக்கும், அதிகக் கழிவு நீரை வெளியேற்ற வேண்டிவரும். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கருவி இல்லாத நிலையங்களைத்தான் நாம் மனதில் வைத்துப் பேச வேண்டும்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. குறையும் என்பதற்கான காரணங்கள் நல்ல காரணங்கள்தான். வைக்கோலிலும் மரத்திலும் நைட்ரஜன் நிலக்கரியைவிடக் குறைவு. ஆவியாகும் பொருள் மிக அதிகம் என்பதால் நைட்ரஜனின் பெரும்பகுதி சுடரின் தொடக்கத்தில், ஆக்சிஜன் பற்றாக்குறையான இடத்தில் வெளிப்பட்டு, வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற வாய்ப்புக் கிடைக்கிறது. ஈரப்பதம் சுடரின் உச்ச வெப்பத்தையும் சற்றுத் தணிக்கிறது. ஆனால் 5 சதவீதத்தில் இவையெல்லாம் சேர்ந்தும் சிறு விளைவே. பர்னர் அமைப்பும் காற்றுப் பங்கீடும் தரும் மாற்றம் இதைவிடப் பெரிது. பெல்லெட் பருமனாக அரைபட்டு மேலே போய் எரிந்தால் ஆபரேட்டர் அதிகக் காற்று விடுவார், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கடலைத்தொலி போன்ற, நைட்ரஜன் கூடிய கழிவுகளில் லாபம் இன்னும் குறையும். பசை சேர்த்த பலகைத் தூள் கலந்திருந்தால் எதிர்த்திசையிலேயே போகும். யூரியா பசை கொண்ட பலகையில் நைட்ரஜன் நிலக்கரியில் உள்ளதைவிட அதிகம்.

கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் வேதியியலைவிட, எரிபொருளை அரைக்கும் மில்லைச் சார்ந்தவை. நிலக்கரி மில்லில் 70 சதவீதம் 75 மைக்ரான் சல்லடை வழியே போகும்படி அரைபடுகிறது. வைக்கோல் நாராக இருப்பதால் அப்படி நொறுங்காது. பெல்லெட் உடைந்து, அதைச் செய்யும்போது இருந்த துகள் அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். 1 மில்லிமீட்டர் வைக்கோல் துகள் இலேசானதால் உலையில் எரிந்துவிடும். அதைவிடப் பெரியது எரியாமல் அடிச்சாம்பலில் விழும். பெல்லெட் செய்யும்போதே துகள் பருமனாக இருந்தால் நிலையத்தில் அதைச் சரிசெய்ய வழியில்லை. இன்னொன்று மில்லின் வெப்பநிலை. நிலக்கரிக்கு மில் வெளியேறு வெப்பம் 75 முதல் 90 டிகிரி வரை வைப்பார்கள். பெல்லெட் கலக்கும்போது அதை 60-65 டிகிரி பக்கம் இறக்கி, உள்ளே வரும் வெங்காற்றையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மில்லுக்குள் தேங்கும் நார் புகையத் தொடங்கும், தீப்பிடிக்கும். வெப்பத்தை இறக்கினால் ஈரமான நிலக்கரி சரியாக உலராது, அதனால் நிலக்கரியே மோசமாக எரியலாம். மழைக்காலத்தில் கலப்பைத் தொடர்ந்து ஓட்டும் நிலையங்களில் அடிச்சாம்பலின் எரியிழப்பை (அதில் எரியாமல் மிஞ்சியதன் அளவை) கவனியுங்கள். இதனால்தான் பால்-டியூப் வகை மில் (சுழலும் உருளைக்குள் இரும்புக் குண்டுகளால் அரைப்பது) உள்ள நிலையங்களுக்கு வறுத்த பெல்லெட் மட்டும் என்று கொள்கையிலேயே பிரித்திருக்கிறார்கள். 250-300 டிகிரியில் காற்றில்லாமல் வறுத்தது நிலக்கரி போலவே நொறுங்கும். ஆனால் வறுத்தால் குளோரின் எல்லாம் போய்விடாது, பொட்டாசியம் அப்படியே இருக்கும். அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தூசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொத்தச் சாம்பல் 40 சதவீதத்திலிருந்து 38.75 ஆகக் குறையும். பொட்டாசியம் உப்புகள் குளிரும்போது ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்களாக உறையும். மின்புலத் தூசுபிடிப்பானில் எளிதில் தப்புவதும் 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ள துகள்கள்தான். உள்நாட்டு நிலக்கரியின் களிமண் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீதத்தில் இது பெரிதாகத் தெரியாது என்பதே என் கணிப்பு. ஆனால் எடையை மட்டும் அளக்கும் கருவி இதைக் காட்டவும் காட்டாது. பாதரசத்தில் விளைவு நல்ல பக்கமாகவே இருக்கும்: வைக்கோலில் பாதரசம் மிகக் குறைவு, கூடவே குளோரின் பாதரசத்தை ஆக்சிஜனேற்றம் செய்வதால் சாம்பலிலும் குழம்பிலும் அது அதிகம் பிடிபடும்.

டயாக்சின் என்ற குளோரின் கலந்த நச்சுச் சேர்மங்கள் பற்றிய பயம் பலருக்கு உண்டு. குளோரின், செம்பு, 250-400 டிகிரி வெப்பப் பகுதி மூன்றும் கூடினால் அது உண்டாகும் என்பது உண்மை. ஆனால் நிலக்கரியின் கந்தகம் அந்த வினையைத் தடுக்கிறது, 1,300 டிகிரிக்கு மேற்பட்ட சுடர் முன்பே இருந்ததையும் சிதைக்கிறது. சுத்தமான விவசாயக் கழிவைப் பெரிய பாய்லரில் நிலக்கரியோடு எரித்தால் டயாக்சின் மிகச் சொற்பமே. பெயின்ட் அடித்த மரம், பிவிசி ஒட்டிய பலகை, செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தேற்றிய கட்டை ஆகியவை பெல்லெட்டுக்குள் நுழைந்தால் கதை வேறு. கொள்முதல் விலை உயரும்போது கலப்படத்துக்கான தூண்டுதலும் உயரும். மரமெரிக்கும் சிறு பாய்லர்களில், சுடர் குளிர்ந்து, கந்தகமும் இல்லாத நிலையில், இந்த அபாயம் பல மடங்கு அதிகம். டயாக்சினுக்காகப் போராட வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

கார்பன் டை ஆக்சைடில் ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 கிலோ வெளியிடுகிறது, வைக்கோல் வகைகள் 100, மரம் 112. புகைபோக்கியில் அளந்தால் வைக்கோலால் கார்பன் குறையாது, சற்றே கூடும். குறைவு என்று சொல்வது கணக்குமுறை: அந்தக் கார்பனைப் பயிர் போன பருவத்தில்தான் காற்றிலிருந்து எடுத்தது, எப்படியும் ஓராண்டில் திரும்பிப் போயிருக்கும். ஆண்டுப் பயிரின் வைக்கோலுக்கு இந்த வாதம் வலுவாக நிற்கிறது. வெட்டிய மரம் மீண்டும் வளர பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் மரத்துக்கு அப்படி நிற்பதில்லை.

இப்போது வயலுக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான லாபம் அங்கேதான். ஒரு டன் விவசாயக் கழிவைத் திறந்த வெளியில் கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடு சுமார் 92 கிலோவும், 2.5 மைக்ரானுக்குக் கீழான நுண்துகள் சுமார் 4 கிலோவும் வரும் என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் சராசரி. ஈரத்தையும் காற்றையும் பொறுத்து இது வெகுவாக மாறும். அதே ஒரு டன்னைப் பாய்லரில் எரித்தால் சுமார் 4,800 கன மீட்டர் புகைவாயு வரும். கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் தூசி என்ற அளவில் நிலையம் ஓடினால் தூசி 240 கிராம். கார்பன் மோனாக்சைடு 100 மில்லிகிராமாக இருந்தாலும் 480 கிராம். நுண்துகளில் பதினாறில் ஒரு பங்கு, கார்பன் மோனாக்சைடில் இருநூறில் ஒரு பங்கு. அதுவும் முகத்துக்கு நேரே இல்லாமல் உயரத்தில் வெளியேறுகிறது. பெல்லெட் செய்ய டன்னுக்கு 100 யூனிட் அளவில் மின்சாரம் போகும், அந்த டன் தருவது 1,300 யூனிட்டுக்கு மேல். லாரி டீசலைச் சேர்த்தாலும் கணக்கு நல்ல பக்கமே நிற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த வைக்கோல் இல்லையென்றால் கொளுத்தப்பட்டிருக்கும் வைக்கோலாக இருக்க வேண்டும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அது பெரும்பாலும் உண்மை. காவிரிப் படுகையில் வைக்கோல் மாட்டுத்தீவனம், விலை கொடுத்து வாங்குகிற பொருள். அதைப் பெல்லெட்டாக்கினால் எந்தத் தீயும் அணையாது, தீவன விலைதான் ஏறும். தமிழ்நாட்டில் கொளுத்தப்படும் கரும்புத் தோகையோ, தேவைப்படாமல் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமோ என்றால் வாதம் மீண்டும் உயிர்பெறும். இவற்றில் கருவேலம் மரம் என்பதால் குளோரினும் குறைவு.

சாம்பலையும் ஒரு வார்த்தை. சிமெண்டுக்குப் போகும் உலர் சாம்பலில் குளோரைடு 0.05 சதவீதத்துக்குள்ளும் எரியிழப்பு 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3812 சொல்கிறது. 5 சதவீதக் கலப்பில் இது தாண்டாது. பெரிய கலப்புகளில் எரியாத நார்தான் முதலில் தொல்லை தரும். சேமிப்புக் கிடங்கையும் மறக்க வேண்டாம்: மூடிய இடத்தில் குவித்த பெல்லெட் மெதுவாகக் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டு ஆக்சிஜனைத் தின்னும். காற்றோட்டமில்லாத பெல்லெட் கிடங்குக்குள்ளோ கப்பல் அறைக்குள்ளோ அளக்காமல் இறங்கி இறந்தவர்கள் உலகில் பலர். ஊர் மக்களைவிட இது அங்கே வேலை செய்பவர்களுக்கான அபாயம், ஆனால் புகைபோக்கியைவிட நேரடியானது.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். பெல்லெட்டின் ஈரம், சாம்பல், கலோரி மட்டும் உள்ள அறிக்கையை ஏற்காதீர்கள், அந்தச் சோதனையில் குளோரின் தெரியாது. ஐஎஸ்ஓ 16994 முறையில் அளந்த குளோரினும் கந்தகமும், கூடவே நைட்ரஜனும் வேண்டும். மரமல்லாத பெல்லெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 17225-6 தரத்தில் உயர்ந்த வகைக்கு 0.1 சதவீதம், அடுத்த வகைக்கு 0.3 சதவீதம் என்று குளோரின் வரம்பு இருக்கிறது. 0.3-க்கு மேற்பட்ட லாட்டை உள்நாட்டு நிலக்கரியோடு மட்டும், கணக்குப் பார்த்து எரிக்கலாம். புகைபோக்கியில் ஹைட்ரஜன் குளோரைடைக் கலப்புடன் ஒரு நாள், கலப்பின்றி ஒரு நாள், ஒரே சுமை, ஒரே நிலக்கரிக் குவியல் என்று அளக்கச் சொல்லுங்கள். கந்தகத்தில் 3 சதவீதத்தைத் தேடுவதுபோல் இல்லை இது, மாற்றம் இரு மடங்காக இருப்பதால் சில அளவீடுகளிலேயே தெரிந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 26ஏ முறை இதற்குப் பொருத்தமானது. மாதிரி எடுக்கும் குழாயும் வடிகட்டியும் 120 டிகிரிக்கு மேல் சூடாக வைக்கப்பட்டனவா என்று அறிக்கையில் பாருங்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஈரம் குழாய்ச் சுவரில் படிந்து, ஹைட்ரஜன் குளோரைடு அதிலேயே கரைந்துவிடும், கருவி கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்.